கடைசி டிஸ்க்

பழைய டிவிடி உறையொன்றை இன்று திறந்தபோது எழுந்த பிளாஸ்டிக் வாசனை, கம்பம் ஊரில் செல்வம் மாமா நடத்திய, இப்போது இல்லாத வாடகை டிஸ்க் கடைக்கு என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது. தமிழில் டப்பிங் செய்த ஒரு துப்பறியும் தொடர்தான் அப்போது அங்கே பேச்சு. சுருளிப்பட்டித் திராட்சைத் தோட்டத்து மருந்து நெடியோடும், சட்டையில் ஏலக்காய் மணத்தோடும் வருகிறவர்கள், டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடி மேஜையில் முழங்கை ஊன்றி, "கதை நல்லாத்தான் இருக்கு, அந்தப் போலீசுகாரருதான் ரொம்பப் பேசுறாரு" என்று ஆளுக்கொரு தீர்ப்புச் சொல்வார்கள். கொலைகாரன் யார் என்பதை மட்டும் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த டிஸ்க் கிடையாது. அது மாமாவின் சட்டம்.

படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவுக்கு ஒவ்வொரு டிஸ்க்காக வாங்கிப் போவதும், அவள் அபிப்பிராயத்தை மாமாவிடம் வந்து ஒப்பிப்பதும் என் வேலை.

"அந்த டாக்டருதான்டி கொன்னுருக்கான். அவன் சிரிப்பே சரியில்ல. நான் சொன்னேன்னு மாமாகிட்டச் சொல்லு."

மாமா சிரிப்பாரே தவிர வாய் திறக்கமாட்டார்.

கடைசி டிஸ்க்கை வேறு யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். அது திரும்பி வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

வாய்க்கரிசி போட வந்த மாமா, குனிந்து அம்மாவின் காதருகே சொன்னது பக்கத்தில் இருந்த எனக்குக் கேட்டது.

"யக்கா, நீங்க சொன்னதுதான் சரி. அந்த டாக்டருதான்."

பல மாதம் கழித்து அந்த டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். கொலை செய்தது டாக்டர் இல்லை.