பெயர்களுக்கு இடமில்லாத ஃப்ளாப்பி

போன வாரம் வேப்பம்பட்டில் கேஸ் ஏஜென்சியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் ஒன்பது பேர். வரிசையில் நிற்கிற மனிதனுக்கு இப்போதெல்லாம் செல்போனைப் பார்ப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது, நானும் பார்த்தேன். தொழில்நுட்பச் செய்தி ஒன்று கண்ணில் பட்டது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் வாங்காமல் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் வைத்த நிரல்களைப் பெரிய கம்பெனிகள் அள்ளிக்கொண்டு போய்த் தங்கள் செயற்கை அறிவுக்குத் தீனியாகப் போட்டுவிட்டனவாம். அது இப்போது எல்லாவற்றையும் தானே எழுதியதுபோல எழுதித் தருகிறதாம். முதலில் எழுதியவர்களின் பெயர் மட்டும் எங்கேயும் வருவதில்லையாம். கீழே கருத்துப் பகுதியில் ஒரே அமர்க்களம். திருடர்கள், கொள்ளைக்காரர்கள் என்று ஆளாளுக்குத் திட்டித் தீர்த்திருந்தார்கள். நம் பங்குக்கு நாமும் இரண்டு வரி திட்டுவோமே என்று கட்டைவிரலைக் கொண்டுபோனேன்.

அந்த நேரம் பார்த்து கவுண்டரில் பிரின்டர் கத்த ஆரம்பித்தது. ஊசி ஊசியாகக் குத்தி அச்சடிக்குமே, அந்தப் பழைய டாட் மேட்ரிக்ஸ். அதில் ரிப்பன் சூடானால் எண்ணெயும் மையும் கலந்து ஒரு வாசனை வரும். இத்தனை வருடம் கழித்து அது மூக்கில் ஏறியதும் கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. யாரையும் திருடன் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்பது ஞாபகம் வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடித்த புதிதில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில், எளாவூர் போகிற வழியில், ஓர் எடைமேடையில் வேலை பார்த்தேன். எடைமேடை என்று எழுதுகிறேனே ஒழிய, யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை, வேபிரிட்ஜ்தான். லாரி மேடைமேல் ஏறி நிற்கும், உள்ளே கம்ப்யூட்டரில் எடை விழும், சீட்டு அச்சடித்துக் கொடுப்போம். ஆந்திர எல்லைச் சோதனைச் சாவடியைத் தாண்டி வருகிற பழைய இரும்பு முழுக்க எங்கள் மேடைமேல் ஏறித்தான் உருக்காலைகளுக்குப் போகும். அந்தப் பிராந்தியத்தின் சொத்தையெல்லாம் நானே நிறுத்துக் கொடுப்பதுபோல ஒரு மிதப்பு எனக்கு. ஊரில் கேட்டவர்களிடம் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்வேன், மேடையைப் பற்றி வாய் திறக்க மாட்டேன்.

உண்மையில் கம்ப்யூட்டர் தெரிந்தவள் என்னோடு வேலை பார்த்த எஸ்தர். என் வயதுதான். ஸ்டேஷன் பக்கம் பழைய பேப்பர் கடையில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளைத் தேடி வாங்குவாள். அதோடு இலவசமாக வந்த சீடி உறை கிழியாமல் இருந்தால் அன்று அவளுக்குத் திருவிழா. அப்படி ஒரு சீடியில்தான் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் வந்தது. அதை எங்கள் ஓட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு மாதம் மல்லுக்கட்டி, எடைபோடுவதற்கென்றே ஒரு புரோகிராம் எழுதினாள். மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்தால் அந்தப் பத்திரிகைச் செய்திகளைப் படித்துக் காட்டுவாள். எந்தக் கம்பெனி எந்தக் கம்பெனியை விழுங்கியது, எது வழக்கு போட்டது என்றெல்லாம். எனக்கு அதில் பாதி புரியாது, மீன்குழம்பில் கவனமாக இருப்பேன். ஆனால் ஒருநாள் அவள் சொன்னது மனதில் நின்றுவிட்டது. "நாமளே பிரிச்சிப் பாத்து ரிப்பேர் பண்ண முடியாத பொருளு நம்ம பொருளே இல்லபா. அதுல நாம வாடகைக்கு இருக்கறோம், அவ்ளோதான்."

அவள் புரோகிராமில் ஒரு விசேஷம் இருந்தது. எடை விழுந்ததும் திரையில் ஒரு கேள்வி வரும். ஆங்கில எழுத்தில், எங்கள் ஊர்ப் பேச்சில். 'டிரைவர் எறங்கிட்டாரா?' ஆமாம், இல்லை என்று ஒரு பொத்தானைத் தட்டினால்தான் சீட்டு வரும், சீட்டிலும் அது பதிவாகும். இந்தக் கேள்வி வந்ததற்கு ரமணய்யா காரணம். நாயுடுபேட்டை லாரி டிரைவர், நல்ல வாட்டசாட்டமான ஆள். எங்கள் மேடையில் அவர் வண்டியில் உட்கார்ந்தபடியே எடை போட்டுக்கொண்டு போனார். உருக்காலை மேடையில் அவரைக் கீழே இறக்கிவிட்டு எடை போட்டிருக்கிறார்கள். எண்பது கிலோ குறைந்துவிட்டது. வழியில் இரும்பை விற்றுவிட்டாய் என்று அவரை உட்கார வைத்துவிட்டார்கள். பாவம், விற்றதாகச் சொன்ன அந்த எண்பது கிலோ அவரேதான். அவர் எங்களிடம் வந்து, "நேனு தொங்கா காதம்மா, நான் திருடன் இல்லம்மா, என் ஒடம்பையும் சேத்துத்தானே நீ எட போட்டே" என்று கண்கலங்கி நின்றதும், எஸ்தர் அன்றைக்கே அந்தக் கேள்வியை எழுதிச் சேர்த்தாள். அதற்குப் பிறகு எந்த டிரைவரையும் அந்த விஷயத்தில் யாரும் திருடன் என்று சொல்ல முடியவில்லை.

புரோகிராமை யார் கேட்டாலும் கொடுப்பாள். எளாவூரில் குமாரி என்று ஒரு பெண் வேலை பார்த்த மேடை, ஆரம்பாக்கத்தில் ஒரு மேடை, இன்னும் நாலைந்து இடங்களில் அதுதான் ஓடியது. ஆனால் அதற்கு ஒரு வழக்கம் வைத்திருந்தாள். புரோகிராமில் ஒரு வரி திருத்தியவர், ஒரு யோசனை சொன்னவர், எல்லார் பெயரும் 'யார் யார்' என்ற ஒரு ஃபைலில் ஏறும். என்ன செய்தார், எந்த ஊர் என்பதோடு. புரோகிராம் எங்கே போனாலும் அந்த ஃபைலும் கூடப் போக வேண்டும். ரமணய்யா அதில் இருந்தார். மின்சாரம் போய் வந்தால் எடை அழியாமல் இருக்க வழி சொன்ன எலக்ட்ரீஷியன் தாவீது இருந்தார். சீட்டைச் சுருக்கிக் காகிதம் மிச்சம் பிடித்ததற்காக நானும் இருந்தேன், கடைசிக்கு முந்தின பெயராக. மொத்தம் பதினாலு பேர்.

டிரைவர் பெயரெல்லாம் கம்ப்யூட்டரில் எதற்கு என்று ஒருநாள் கேலி செய்தேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இப்போது தொழிற்சாலை நிற்கிற இடத்தில் அவள் அப்பா கூலிக்கு உழுதவர். "எந்தப் பக்கம் கால்வா வெட்னா மேட்டு நெலத்துக்குத் தண்ணி ஏறும்னு கண்டுபுடிச்சதே எங்கப்பாதான். நெலத்த வித்தாங்க, கம்பெனி வந்துச்சி. எந்தக் காயிதத்துலயும் எங்கப்பா பேரு இல்ல." அதற்குப் பிறகு நான் கேலி செய்யவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். பொன்னேரியில் உறவுக்காரர் கல்யாணம் என்று எஸ்தர் லீவு போட்ட ஒரு நாள், டை கட்டிய பையன் ஒருவன் வந்தான். எடைக் கருவிகள் விற்கிற பெரிய கம்பெனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதி. பொதட்டூர்பேட்டைக்காரன், நல்ல மரியாதையான பிள்ளை, டீ வாங்கிக் கொடுத்தான். உங்கள் புரோகிராம் நன்றாக இருக்கிறதாமே, ஒரு காப்பி கிடைக்குமா என்றான். கேட்டால் கொடுக்க வேண்டும் என்பதுதானே எங்கள் வழக்கம். ஃப்ளாப்பியைப் போட்டுக் காப்பி எடுத்தேன். கடைசியில் இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னது. ஏறாமல் நின்றது ஒரே ஒரு ஃபைல்தான், 'யார் யார்'.

இன்னொரு ஃப்ளாப்பி டிராயரில் இருந்தது. எழுந்து நாலடி நடந்தால் எடுத்திருக்கலாம். வெறும் பெயர்கள்தானே, இது இல்லாமலும் எடை விழுமே என்று நினைத்தேன். வெளியே லாரி ஹாரன் அடித்தது. இருந்ததை அப்படியே கொடுத்தனுப்பிவிட்டேன். எஸ்தரிடம் சொல்லவும் மறந்துபோனேன். மறந்தேனா, சொல்லாமல் விட்டேனா என்று இப்போது கேட்டால் சத்தியமாகத் தெரியவில்லை.

சில மாதங்களில் அந்தக் கம்பெனியின் புது மென்பொருள் பளபளவென்று பெட்டியில் வந்து இறங்கியது. கம்ப்யூட்டரின் பின்னால் ஒரு பூட்டுச் சாவி செருக வேண்டும், அது இல்லாவிட்டால் ஓடாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்க்க முடியாது. உருக்காலைகளோடு பேசி, இனிமேல் அவர்கள் மென்பொருள் அடிக்கிற சீட்டு மட்டும்தான் செல்லும் என்று ஆக்கிவிட்டார்கள். அதோடு விட்டார்களா? எங்கள் முதலாளிக்கு ஒரு கடிதம் வந்தது. உங்கள் மேடையில் ஓடுவது எங்கள் மென்பொருளின் திருட்டுக் காப்பி, உடனே நிறுத்தவும் என்று.

அந்தச் சமயத்தில்தான் எஸ்தருக்குத் தொழிற்பேட்டையில் பெரிய தொழிற்சாலை ஒன்றில் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை ஏறக்குறைய முடிவாகியிருந்தது. தன் புரோகிராமைக் காட்டித்தான் அதை வாங்கியிருந்தாள். முதலாளியிடமிருந்து ஒரு நற்சான்றுக் கடிதம் போனால் போதும், மறுமாதம் சேர வேண்டியது. அவள் வீட்டில் முதல் தடவையாக நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கிற கம்பெனி வேலை. அப்பா சர்ச்சில் சாட்சி சொல்லி ஜெபம்கூடச் செய்துவிட்டார்.

கடிதம் அனுப்பிய கம்பெனியின் ஏரியா மேனேஜர் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு வந்தார். பின்னால் அந்தப் பொதட்டூர்பேட்டைப் பையன். முதலாளி, எஸ்தர், நான். அவர்கள் கொண்டுவந்த மென்பொருளை ஓட்டிக் காட்டினார்கள். எடை விழுந்தது. திரையில் வந்தது, எழுத்துக்கு எழுத்து அப்படியே: 'டிரைவர் எறங்கிட்டாரா?'

எஸ்தர் திரைக்குப் பக்கத்தில் போய் அதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "இந்தக் கேள்வி ஒங்குளுக்கு எங்கேர்ந்து சார் வந்துச்சி?" என்றாள். எல்லா மேடைக்கும் பொதுவாகத் தேவைப்படுகிற விஷயம்தானே அம்மா என்றார் மேனேஜர், குரல் உயராமல். எஸ்தர் எங்கள் கம்ப்யூட்டரில் 'யார் யார்' ஃபைலைத் திறந்து காட்டினாள். இதை நேற்றுகூட டைப் அடித்து வைத்திருக்கலாம் இல்லையா, எங்களுடையதில் இப்படி ஒரு ஃபைலே கிடையாதே என்றார் அவர். எஸ்தர் என்னைப் பார்த்தாள். சந்தேகப்பட்டுப் பார்க்கவில்லை, சாட்சிக்குப் பார்த்தாள்.

உண்மை தெரிந்தவர்கள் அன்றைக்கு அந்த அறையில் இரண்டு பேர், நானும் அந்தப் பையனும். இரண்டு பேரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முதலாளியின் பொருளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தாய் என்று என் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. அவனுக்கு அவன் பயம். அவனைக் கெட்டவன் என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. ஃப்ளாப்பியை மேலே கொடுத்திருப்பான், மேலே இருந்தவர்கள் அதைத் தங்களுடையதாக்கியது கடிதம் வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்திருக்கும்.

முதலாளியும் கெட்டவர் இல்லை. பெரிய கம்பெனியோடு கோர்ட்டு, வக்கீல் என்று அலைய அவரால் ஆகாது. புரோகிராமை அழிக்கச் சொல்லிவிட்டார். நற்சான்றுக் கடிதத்தை மட்டும், இந்தப் பேஜாரெல்லாம் அடங்கட்டும் என்று தள்ளிப்போட்டார். தொழிற்சாலையில் விசாரித்தபோது, அந்தப் பெண்மேல் ஏதோ திருட்டுப் புகாராமே என்று பேச்சாகிவிட்டது.

நாலு நாள் எஸ்தர் முகத்தைப் பார்க்காமலே சீட்டு அடித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே நைனா" என்றார். உடனே தானே கடிதம் எழுதி, என்னையும் கூட்டிக்கொண்டு தொழிற்சாலைக்குப் போனார். முந்தின நாளே வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள்.

எஸ்தரிடமும் சொன்னேன். அழுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சீட்டுக் கட்டை அடுக்கிக்கொண்டே, "குடுத்தது தப்பில்லபா. கேட்டா குடுக்கத்தான் எழுதனேன். பேர உட்டுட்டியே" என்றாள். கட்டை அடுக்கி முடித்துவிட்டு, "எங்கப்பாகிட்ட நீயே வந்து சொல்லு" என்றாள். போய்ச் சொன்னேன். அந்த மனிதர் எனக்கு டீ போட்டுக் கொடுக்கச் சொன்னார். அதை எப்படிக் குடித்தேன் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

மாதக் கடைசியில் அவள் பெங்களூருக்கு வேலை தேடிக் கிளம்பினாள். போகிற அன்று, யாருக்கும் தெரியாமல் ஒரு சீடியில் வைத்திருந்த புரோகிராமை எளாவூர்க் குமாரிக்காகக் காப்பி எடுத்துக்கொண்டிருந்தாள். 'யார் யார்' ஃபைலில் இருந்து என் பெயரை எடுத்துவிடு என்று சொன்னேன். அதில் இருக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

"சீட்டச் சுருக்கனது நீதானே?"

"நான்தான்."

"அப்ப எடுக்க மாட்டேன்."

இன்று அந்த எடைமேடை இல்லை. நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது இடித்துவிட்டார்கள். இப்போதெல்லாம் ஆலைக்குள்ளேயே மேடை, கேமரா படம் பிடிக்கிறது, எடை நேராக எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்குப் போகிறது. பழுதானால் ஒரு நம்பருக்கு போன் செய்து காத்திருக்க வேண்டும். குமாரியின் சீடியில் பூஞ்சை பிடித்து எப்போதோ குப்பைக்குப் போய்விட்டதாம். எஸ்தர் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

கேஸ் ஏஜென்சியில் என் முறை வருவதற்குள், கையில் இருந்த ரசீதின் பின்பக்கம் அந்தப் பதினாலு பெயரையும் எழுதிப் பார்த்தேன். எஸ்தர், ரமணய்யா, குமாரி, தாவீது, நான் என்று பதினொன்று வந்தது. மூன்று பேர் வரவில்லை. கவுண்டரில் கூப்பிட்டார்கள், பின்னால் இருந்தவரை முன்னால் போகச் சொல்லிவிட்டு மறுபடி யோசித்தேன். அப்புறம் இன்னொருவரையும் போகச் சொன்னேன். அந்த மூன்று பேர் வரவே இல்லை.