முப்பது நாள் ஷரத்து

குத்தகைப் பத்திரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்ட முட்டாள் நான்தான். பத்திரம் எழுதுகிறவர், "மூணாவது ஷரத்த நல்லா பாத்துக்குங்க" என்று சொன்னார். ரொம்பத் தெரிந்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். ஷரத்து என்றால் சாட்சிகள் கையெழுத்துப் போடுகிற இடம் என்று ஐந்து மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், சூளையோடு சேர்ந்த கொட்டகை அது. பீங்கான் பொம்மை செய்வதற்காகக் குத்தகைக்கு எடுத்திருந்தேன். சொந்தக்காரர் பெண்ணாடத்தில் கரும்பு போடுகிறவர். அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. அச்சிலிருந்து எடுத்த பொம்மைகள் காயாமல் சொதசொதவென்று உட்கார்ந்திருந்தன. ஈரத்தோடு சுட்டால் வெடித்துவிடும். சூளையைப் பற்றவைக்காமல் வெயிலுக்குக் காத்திருந்தேன். வெயிலுக்குப் பதிலாகச் சொந்தக்காரர் வந்தார்.

"இன்னியோட இருவத்தெட்டு நாளா சூளை எரியல. முப்பது நாளு எரியலன்னா கொட்டாய் எங்கிட்ட வந்துடும். மூணாவது ஷரத்து. சாமானெல்லாம் எடுத்து வச்சிக்குங்க தம்பி, நாளான்னிக்கி சாயங்காலம் பூட்டோட வரேன்."

பத்திரம் எழுதுகிறவரிடம் ஓடினேன்.

"ஷரத்துன்னா என்னாங்க?"

என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கையெழுத்துப் போட்டுட்டு இப்ப கேக்கறீங்களா? அரபுச் சொல்லுங்க. நவாபு காலத்துக் கோர்ட்டு கச்சேரி வழியா வந்து பத்திரத்துல ஒக்காந்துடுச்சு. இன்னது நடந்தா இன்னதுன்னு போடற கண்டிஷன்."

"நிபந்தனைன்னு எழுதித் தொலச்சிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமே!"

"அதுவும் வடமொழிங்க, கட்டிப் போடறதுன்னு அர்த்தம். எதுல எழுதினா என்னா, மாட்டினது நீங்க. இந்திக்காரங்க பந்தயத்தயும் ஷர்த்துன்னுதான் சொல்லுவாங்க."

பந்தயம் என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்திரத்தை வாங்கி, முதன்முறையாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். 'தொடர்ந்து முப்பது நாட்கள் சூளை எரியாமல் கிடக்குமாயின்.' அவ்வளவுதான். சூளைக்குள் என்ன இருக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை இல்லை.

கொட்டகை முழுக்கத் தேடியதில் நன்றாகக் காய்ந்த உருப்படி ஒன்றே ஒன்று அகப்பட்டது. நான் தொழில் பழகிய முதல் வாரத்தில் செய்த யானை. அச்சிலிருந்து எடுக்கும்போதே தும்பிக்கையை உடைத்து வைத்திருந்தேன்.

"இந்த ஒத்த யானைக்கா அம்மாம் பெரிய சூளைய எரிக்கப் போறீங்க? பேட்டையே சிரிக்கும்" என்றாள் மனைவி.

"சிரிக்கட்டும். என்னப் பாத்து அவங்க சிரிக்கறது புதுசா? கொட்டாய வுட மாட்டேன்."

முப்பதாம் நாள் காலையில் பற்றவைத்தேன். பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். சாயங்காலம் சொந்தக்காரர் சொன்னபடி பூட்டோடு வந்து இறங்கினார். சூளையின் அனல் முகத்தில் அடித்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"உள்ள என்னா வேவுது?"

"யானைங்க."

"எத்தினி?"

"ஒண்ணு. தும்பிக்க கெடையாது."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பத்திர நகலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

"எரியணும்னுதான் ஷரத்து. எரியுது. எத்தன பொம்ம வேவணும்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க பாப்போம்!"

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பூட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வண்டியை உதைத்துக் கிளப்பிய பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த பத்திரத்துல இருக்கும்."