மடியில் பூசணிக்காய் வைத்த ஆள்

என் மனைவி காரின் பின் சீட்டுக்குக் குடிபோனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பெர்மாஸ் ஜெயா பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால். சண்டை எதுவும் இல்லை. மீட்டர் பலகையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். பெல்ட் போட்ட ஓர் ஆள், அவன் முன்னால் உருண்டையாக ஒன்று. சந்தையிலிருந்து பூசணிக்காயை மடியில் வைத்துக்கொண்டு வருகிறவன் மாதிரி இருந்தான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. அவள் மருத்துவமனையில் அவசரப் பிரிவுத் தாதி. விபத்துகளில் முன் சீட்டிலிருந்து தூக்கி வரப்படுகிறவர்களை வாங்கிப் படுக்க வைக்கிற கை அவளுடையது.

"ஓரங்கட்டுங்க."

"லேம்புதான் லா எரியுது, இஞ்சின் எரியலையே."

"அது எரிஞ்சா காத்துப் பையும் வராது, பெல்ட்டும் இழுக்காது. நான் பின்னால போறேன்."

"அப்ப நான் மட்டும் முன்னால சாகலாமா?"

"நீங்கதான் உங்க கதையில சாவைப் பத்தி அவ்வளவு அழகா எழுதுறீங்களே. கிட்டக்கப் போய்ப் பாருங்க."

விளக்கு அணைகிற வரை முன்னால் உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அவளை, மருத்துவமனை இருக்கும் கெலாங் பாத்தா வரை, பின்னால் வைத்து ஓட்டினேன். கண்ணாடியில் அவள் நெற்றி மட்டும் தெரிந்தது, ஒரு பொட்டு, அதற்கு மேல் வகிடு. இடது பக்கத்தில் வழக்கமாக இருக்கும் முழங்கை இல்லை, ஆரஞ்சுச் சுளையை உரித்து என் வாய்க்கு நேரே நீட்டும் விரல் இல்லை, "லைன் மாறுங்க, லைன் மாறுங்க" என்ற நச்சரிப்பு இல்லை. இவ்வளவு நாளும் நிம்மதி என்று எதை நினைத்து ஏங்கினேனோ அது கிடைத்தது, தாங்க முடியவில்லை. மருத்துவமனை வாசலில் காவலாளி கண்ணாடியைத் தட்டினார். "அங்கிள், இ-ஹெய்லிங் வாடகை வண்டியெல்லாம் அந்தப் பக்கம் லா." அவள் இறங்கும்போது, "தேங்க்யூ டிரைவர்" என்றாள்.

முதலில் பார்த்த போமேன், எங்கள் வட்டாரத்தில் மெக்கானிக்கை அப்படித்தான் சொல்வோம், கையளவு கருவி ஒன்றைக் காரில் செருகினார், ஏதோ எண் வந்தது, ஒரு பொத்தானை அமுக்கினார், எண் போனது, விளக்கும் போனது. மூன்றாம் நாள் ஒரு மேட்டில் ஏறி இறங்கியதும் பூசணிக்காய்க்காரன் மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டான். என் மனைவி பின்னால் போனாள்.

இரண்டாமவர் விளக்கம் ஏதும் சொல்லவில்லை. "இடது பெல்ட்டுல கோளாறு பாஸ். மாத்தினா ரொம்ப ஆகும். எல்லாரும் செய்யுறதைச் செஞ்சிடலாமா?" எல்லாரும் செய்வது என்றால் எனக்கு எப்போதும் ஒரு மயக்கம். தலையாட்டினேன். சீட்டுக்கு அடியில் குனிந்தார், கால் மணி நேரத்தில் நிமிர்ந்தார். நெல்மணி அளவில் ஒரு ரெசிஸ்டர், உடம்பெல்லாம் வண்ண வளையம். பெல்ட்டுக்குப் போகும் வயரை வெட்டி அதில் இதைக் கட்டிவிட்டாராம். காரின் மூளைக்குப் பெல்ட் அங்கே நலமாக இருப்பதாகத் தோன்றுமாம். "இனிமே லைட் வரவே வராது," என்றார். வரவே இல்லை.

என் மனைவி முன்னால் வந்தாள். விளக்கு அணைய வேண்டும் என்பதுதானே அவள் வைத்த நிபந்தனை. எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தேன். இரவு டூட்டி முடிந்த காலைகளில், பெல்ட் பட்டையில் கன்னத்தைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டு வருவாள். வெயில் அவள் கழுத்தில் ஏறும், இறங்கும். நான் அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. செம்பனை எண்ணெய் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு கடந்து போயின. மோட்டார் சைக்கிளில் போன ஒரு பாட்டி திரும்பிப் பார்த்தார்.

"ஏன் இப்படி ஊர்ந்துக்கிட்டுப் போறீங்க?" கண்ணைத் திறக்காமல் கேட்டாள்.

"பெட்ரோல் மிச்சம்."

விளக்கு எரிந்தபோது அவள் பின்னால் பத்திரமாக இருந்தாள், நான் பயமில்லாமல் ஓட்டினேன். விளக்கு அணைந்த பிறகு சட்டை முதுகோடு ஒட்டியது. ஒரு வாரம் பொறுத்தேன். சனிக்கிழமை, அவளை வீட்டில் விட்டுவிட்டு, பெர்மாஸ் பின்சந்தில் கார் வயரிங் பார்க்கும் கடைக்குப் போனேன். கடையை நடத்துகிறவள் கோத்தா திங்கி ஊர்ப் பெண், பன்னிரண்டு வருஷம் தினமும் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூர் போய் வந்து தொழில் கற்றவள்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணே, அண்ணிக்குக் காய்ச்சல்னா தெர்மாமீட்டர ஐஸ்ல வைப்பீங்களா?"

"எல்லாரும் செய்வாங்கன்னாரு..."

"செய்வாங்க. வண்டிய விக்கிறவன் செய்வான். பொண்டாட்டிய உட்கார வைக்கிறவன் செய்வானா?"

சாவியைக் கொடுத்தேன். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினாள். பிறகு போய்ப் பால் சேர்க்காத தேநீர், தே ஓ, கலக்கினாள். வேலையை ஆரம்பிக்கலாமே என்றேன்.

"பத்து நிமிஷம் சும்மா இருங்க. பேட்டரியக் கழட்டினாலும் உள்ள மிச்சக் கரண்ட் இருக்கும். பெல்ட்டுக்குள்ள இருக்கறது சின்ன வெடி அண்ணே. வண்டி இடிச்ச நொடியில வெடிச்சு, பெல்ட்ட இழுத்து, ஆளச் சீட்டோட கட்டிப்போடும். சும்மா மீட்டர வச்சு அதைக் குத்திப் பார்த்தாக்கூட வெடிச்சாலும் வெடிக்கும்."

அந்தப் பத்து நிமிஷம் நான் கடையைச் சுற்றி நடந்தேன், டயர்களை எண்ணினேன், பூனையோடு பேசினேன். அவள் தே ஓவைக் குடித்து முடித்தாள்.

சீட்டின் நட்டுகளைக் கழற்றிப் பின்னால் சாய்த்தாள். அடியில் மஞ்சள் வயர்கள், நடுவில் டேப் சுற்றிய முடிச்சு. என் குற்றம் அங்கே பொட்டலமாகக் கிடந்தது. டேப்பைப் பிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். பிரிக்கவில்லை. பேட்டரியை மாட்டி, வெளியே நின்றபடி கையை மட்டும் உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினாள். விளக்கு எரிந்தது, அணைந்தது.

"சாவி போட்டதும் ஒரு நொடி எரிஞ்சு அணைஞ்சா எல்லாம் சரின்னு அர்த்தம். பார்த்தீங்களா, உங்க பொய் நல்லாத்தான் வேலை செய்யுது. அதாவது, மூளையில இருந்து இந்த முடிச்சு வரைக்கும் வயர் நல்லாருக்கு. கோளாறு இதுக்கு அந்தப் பக்கம்."

நான் மறைக்கக் கட்டியதை வைத்தே அவள் பாதிக் காரைச் சந்தேகத்திலிருந்து விடுவித்துவிட்டாள். மறுபடி பேட்டரி, மறுபடி பத்து நிமிஷம். முடிச்சுக்கு அடுத்து இருந்த மஞ்சள் பிளக்கைப் பிரித்தாள். உள்ளே உலோக ஊசியெல்லாம் பச்சை பூத்திருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள், முகத்தைச் சுளித்தாள்.

"இங்க பால் ஏதும் கொட்டினீங்களா?"

தைப்பூசம். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. என் வண்டியோட்டும் லட்சணத்தைப் பார்த்து, எனக்கு எதுவும் ஆகக்கூடாது என்று என் மனைவி வேண்டிக்கொண்ட பால்குடம். காலுக்கிடையில் குடத்தை வைத்து, இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டு வந்தாள். ஓர் உடும்பு சாலையைக் கடந்தது. பிரேக் அடித்தேன். இரண்டு கை அளவு பால் சிந்தியது. மிதியடியை எடுத்துக் கழுவினோம். கார்ப்பெட்டுக்கு அடியில் சீட்டுப் பக்கம் போன பாலை யாரும் நினைக்கவில்லை. என் பாதுகாப்புக்காகப் புறப்பட்ட பால், அவள் பாதுகாப்பைத் தேடிக் கண்டுபிடித்து அரித்திருந்தது.

பிளக்கின் இரண்டு பாதியையும் மாற்றினாள், வெட்டிய வயரைச் சேர்த்தாள், பழைய எண்ணை அழித்தாள். விளக்கு எரிந்தது, அணைந்தது. போன வாரம் எப்படி அணைந்ததோ அப்படியே. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கவனித்தவள், கழற்றிய ரெசிஸ்டரை என் சட்டைப் பையில் போட்டாள். "இத அண்ணிகிட்டக் குடுங்க. நீங்களே."

திங்கட்கிழமை காலை மருத்துவமனை வாசலில், இரவு டூட்டி முடிந்து வந்த என் மனைவி முன் கதவில் கைவைத்தபோது சொன்னேன். எல்லாவற்றையும். சொல்லிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். விளக்கு எரிந்தது, அணைந்தது.

"போன வாரமும் இப்படித்தானே அணைஞ்சது?"

"ஆமா."

ஜன்னல் வழியே ரெசிஸ்டரை அவள் உள்ளங்கையில் வைத்தேன். யார் உடம்பிலிருந்தோ எடுத்ததைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு வாரம் என்னை இது மேல உட்கார வச்சிருக்கீங்க."

"அறுபதுலதான் போனேன்."

"அப்ப என் வேண்டுதல் பால்தான் காரணமா?"

"நான் அப்படிச் சொல்லல."

"பிரேக் அடிச்சது யாரு?"

"உடும்பு வந்துச்சு."

"உடும்பா பிரேக் அடிச்சது?"

பின் கதவைத் திறந்தாள். உள்ளே பையை மட்டும் எறிந்துவிட்டுச் சாத்தினாள். முன் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். கியருக்கு முன்னால் சில்லறைக் காசு போடும் குழியில் ரெசிஸ்டரை வைத்தாள்.

"இங்கயே கிடக்கட்டும். இது இங்க இருந்தா, அங்க இல்லன்னு அர்த்தம்."

மின்சாமான் கடைகளில் அது பாக்கெட் பாக்கெட்டாகக் கிடைக்கும், இன்னொன்றை அங்கே கட்டுவது கால் மணி நேர வேலை. எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் ஏறியதும் அவள் விளக்கைப் பார்ப்பதில்லை, முதலில் அந்தக் குழியைப் பார்க்கிறாள். அப்புறம்தான் பெல்ட்.

அந்தத் திங்கட்கிழமை, இரவு டூட்டி முடிந்த களைப்பு அவள் முகத்தில் இருந்தது. ஆனாலும் தூங்கவில்லை. ஆரஞ்சை உரித்துத் தோலைக் குழியில் போட்டாள், ரெசிஸ்டர் மறைந்துவிடாமல் ஓரமாக. ஒரு சுளை என் வாய்க்கு வந்தது.

"என்ன, இன்னும் அறுபதா? பெட்ரோல் மிச்சமா?"

ஆக்சிலரேட்டரை மிதித்தேன்.

"லைன் மாறுங்க," என்றாள்.