தரை கூப்பிட்ட வீடு

என் மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளைக் கூப்பிட எங்கள் வீட்டில் தொண்டை தேவைப்படவில்லை, கால் போதும். மலைமேல் நாகலூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் என் கணவர் கணக்கெழுதும் ரைட்டர். எஸ்டேட் கொடுத்த வீட்டுக்கு ஓட்டுக்கூரை, மண்சுவர், பலகைத் தரை. அடுப்படியில் நின்று குதிகாலால் பலகையை ஓங்கி மிதித்தால், கடைசி அறையில் படம் வரைந்துகொண்டிருப்பவள் எழுந்து வந்துவிடுவாள். வந்ததும் புருவத்தைத் தூக்கி, 'கூப்பிட்டியா?' என்று கையால் கேட்பாள். தவழ்கிற வயதில் விளையாட்டாக ஆரம்பித்த பழக்கம் அது.

போன மழைக்காலத்தில் அவள் கூப்பிடாமலே வர ஆரம்பித்தாள்.

முதல் தடவை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாம் தடவை, மூடுபனி ஜன்னல்வரை வந்திருந்த ஒரு மத்தியானம், வந்து நின்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் என் முதுகுக்குப் பின்னால், ஆளே இல்லாத மூலையைப் பார்த்து, அதே கேள்வியைக் கையால் கேட்டாள். 

பக்கத்து வீட்டு அக்காவிடம் வாயை விட்டேன். "பழைய ரைட்டரு சம்சாரம் இந்த ஊட்டுலதானுங்க அம்மிணி செத்தாங்க. கொழந்தைக்கு எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்க" என்றாள். இந்த மாதிரிப் பேச்சைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஆனாலும் அன்று சாயங்காலமே சுற்றிப் போட்டேன். அவ்வளவு பயம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலமாரியில் இருந்த டம்ளர்கள் தாமாகக் கிணுகிணுத்தன. மலைச்சரிவில் கல்குவாரி இருப்பதால் பாத்திரம் ஆடுவது எங்களுக்குப் புதிதல்ல. "பாறைக்கு வெடி வெக்கிறாங்க புள்ள" என்றார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழம எந்த மகராசன் வெடி வெக்கிறான்?"

அவர் பேப்பரைக் கீழே வைத்தார். கடைசி அறையிலிருந்து மகள் ஓடிவந்தாள். 'கூப்பிட்டியா?'

இருட்டுவதற்குள் பக்கத்து ஊரான கரடியூர்வரை எல்லார் போனிலும் ஒரே பேச்சு. லேசான நிலநடுக்கமாம்.

ஆவி இல்லை என்று ஆறுதல்படக்கூட எனக்கு வாய்க்கவில்லை. நாளைக்குப் பெரிதாக ஆடினால் ஊரே வெளியே ஓடும். என் பிள்ளை மட்டும், அம்மா கூப்பிடுகிறாள் என்று நினைத்து, உள்ளே அடுப்படிக்கு, பரணுக்குக் கீழே ஓடிவருவாள். இதற்குப் பேயே தேவலை என்று தோன்றியது.

கணவர் போனில் வீடியோ பார்த்து வேலையில் இறங்கினார். பரணிலிருந்த அண்டா குண்டாவெல்லாம் தரைக்கு வந்தன. பீரோவைச் சுவரோடு கட்டப் போனால் ஆணியோடு மண்ணும் பொலபொலவென்று உதிர்ந்தது. கடைசியில் மரத்தூணோடு கட்டினார். மேஜைக்கு அடியில் பதுங்கச் சொன்னது வீடியோ. எங்கள் மேஜையோ இட்லிப் பானையை வைத்தாலே ஆடும். வீட்டு வாசல் எட்டும் தூரத்திலேயே இருப்பதால் வெளியே போவதென்று முடிவு செய்தோம். காபி காயவைக்கும் களத்துக்கு நடுவில் நின்றால் சில்வர் ஓக் மரம் சாய்ந்தாலும் எட்டாது. கேஸ் சிலிண்டரை மூடிவிட்டு வருவது என் பொறுப்பு.

மகளைப் பழக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. நான் தரையை மிதித்தேன், என்னிடம் வந்தாள். தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பிவிட்டு மறுபடி மிதித்தேன். சிரித்துக்கொண்டே மறுபடி வந்தாள்.

"வெளிய ஓடு கண்ணு. எங்கிட்ட வராத சாமி" என்று அவள் பார்க்கும்படி உதட்டை அசைத்துச் சொன்னேன்.

'கூப்பிட்டுட்டு ஏன் போகச் சொல்றே?' என்று கேட்டன அவள் கைகள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கத்தினேன். கத்தி என்ன பயன்? என் முகத்தைப் பார்த்து அவள் முகம் சுருங்கிப்போனது. நாள்கணக்கில் பாடுபட்ட பிறகு, ஒரு காலையில் நான் மிதித்ததும் திரும்பிக்கூடப் பார்க்காமல் களத்துக்குப் போனாள். கணவர் கைதட்டினார். நான் அடுப்படிக்குள் போய் அழுதேன். அதன்பின் யாரும் அவளைக் காலால் கூப்பிடவில்லை. எது வேண்டுமானாலும் பக்கத்தில் போய்த் தோளைத் தொட வேண்டும். வீடே ஊமையாகிவிட்டது.

தை மாதம், காபிப் பழம் பறிக்கிற சமயம். ஒரு மாலை கணவர் எஸ்டேட்டிலிருந்து இன்னும் வரவில்லை. அடுப்பில் பால். என் காலடியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள் மகள். திடீரென்று அவள் கை நின்றது. தரையையே பார்த்தாள். பூண்டைப் போட்டுவிட்டு எழுந்து, பழக்கியபடியே, என்னைப் பார்க்காமல் வெளியே போனாள்.

சிலிண்டரை மூடிவிட்டு நின்றேன். டம்ளர்கள் ஆடவில்லை. பால் அசையவில்லை. வெளியே ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. குழந்தையை இப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறோமே என்று நொந்துகொண்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தேன்.

வாசல் வழியாகக் களம் தெரிந்தது. மூடுபனிக்குள் அவள் என் பக்கம் திரும்பி நின்று, குதிகாலால் தரையை மிதித்துக்கொண்டிருந்தாள். ஓங்கி ஓங்கி மிதித்தாள். களத்தில் மிதித்தால் அடுப்படியில் இருக்கிற எனக்குத் தெரியாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அவளுக்குத் தெரிந்த விதத்தில் என்னைக் கூப்பிட்டாள்.

தீப்பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் கையை இறுகப் பிடித்த பிறகுதான், எனக்குப் பின்னால், வீட்டுக்குள், டம்ளர்கள் கிணுகிணுக்கத் தொடங்கின.