ஒரு திர்ஹத்தை மிச்சம் பிடிக்கப் போய்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், துபாய் தேராவில், ஆகஸ்ட் மாத வெயிலில் நடந்தது இது.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடற்கரை. கல்யாணமாகி இங்கே வந்து பல வருடம் ஆகிறது. எதற்கெடுத்தாலும் பயப்படுகிற சுபாவம் எனக்கு. கேஸை அணைத்தேனா என்று லிஃப்டில் இருந்து திரும்பி வந்து பார்ப்பேன். பார்த்துவிட்டுக் கீழே இறங்கியதும், சரியாகப் பார்த்தேனா என்று அடுத்த சந்தேகம் வரும். அப்படிப்பட்டவள் எந்தத் தைரியத்தில் வியாபாரத்தில் இறங்கினாய் என்று என் வீட்டுக்காரர் இன்றும் கேட்பார்.

வியாபாரம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மீன் ஊறுகாய், இறால் பொடி, கருவாட்டுத் தொக்கு. தெரிந்தவர்கள் நடத்தும் மெஸ்ஸில் மதியச் சமையல் முடிந்ததும் அடுப்பை எனக்கு விடுவார்கள். செய்து, பாட்டிலில் அடைத்து, வாட்ஸ்அப்பில் வந்த ஆர்டர்களை டெலிவரி வண்டியில் ஏற்றிவிடுவேன். வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கேம்ப்பில் தங்கி வேலை பார்க்கும் நம் ஆட்கள். கேம்ப் சாப்பாட்டை உள்ளே தள்ள அவர்களுக்கு ஏதாவது காரசாரமாக வேண்டும்.

காசு வாங்குவதற்கு ஒரு கம்பெனியின் லிங்க் வைத்திருந்தேன். அதைத் தட்டி கார்டில் கட்டினால் பணம் அந்தக் கம்பெனிக்குப் போய், ஒரு வாரம் கழித்து எனக்கு வரும். நூற்றுக்கு இத்தனை என்று அவர்கள் பிடிப்பது போக, ஒவ்வொரு தடவைக்கும் ஒரு திர்ஹம் தனி. ஒரு பாட்டிலில் எனக்கு நிற்பதே மூன்று திர்ஹம்தான். மீனைக் கழுவுவது நான், எண்ணெய் தெறித்துக் கை கொப்பளிப்பது எனக்கு, பங்கு மட்டும் எவனுக்கோ. ஆர்டர் ரத்தாகிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பிடித்தது பிடித்ததுதான். ஒருநாள் ஆத்திரத்தில் போன் போட்டு, அரைகுறை இந்தியில் சண்டை பிடித்தேன். அந்தப் பக்கம் இருந்த பெண் ரொம்ப மரியாதையாக, "அக்ரிமெண்ட் மே லிக்கா ஹை, மேடம்" என்றாள். ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறதாம். அந்த அக்ரிமெண்ட் இருபது பக்கம் ஆங்கிலம். நான் எங்கே படித்தேன்! டெலிவரிக்காரரிடம் காசைக் கொடுத்துவிடச் சொல்லலாம் என்றால், அதற்கும் தனிக் கட்டணம் கேட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. கேம்ப் ஆட்கள் எல்லோருக்கும் ஊரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. ஊரில் போனைத் தட்டினால் காசு போகிறது, பைசா கட்டணம் இல்லை. என் தம்பியின் நம்பரைக் கொடுத்து, ரூபாயாக அவன் கணக்கில் போடச் சொன்னேன். தம்பி ஊரில் ஒரு இரும்புக் கடையில் கணக்குப் பார்ப்பவன். "சரி லாத்தா, உனக்கு உபகாரமா இருந்தா சரி" என்றான். லாத்தா என்றால் எங்கள் பக்கம் அக்கா. ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது. அந்தக் கம்பெனியை ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை தம்பி போன் செய்தான். குரலே சரியில்லை.

"லாத்தா, என் அக்கவுண்ட்டை முடக்கிட்டாங்க. யாரையோ ஏமாத்திப் புடுங்குன காசு நம்ம அக்கவுண்ட்டுக்கு வந்திருக்காம். வடக்க எங்கயோ போலீஸ்ல கம்ப்ளெயிண்ட்டாம். மேனேஜர் என்னைத் திருடனைப் பாக்குற மாதிரி பாக்குறார்."

வந்த தொகை நாலாயிரத்துச் சொச்சம். ஆனால் மொத்தக் கணக்கையும் பூட்டிவிட்டார்கள். அதற்குள் அவன் மகளின் நர்சிங் கல்லூரிக் கட்டணம் எழுபதாயிரம் கிடந்தது. வெள்ளிக்கிழமை நான்கு மணிக்குள் கட்டாவிட்டால் சீட்டு வேறு பிள்ளைக்குப் போய்விடும். எங்கள் குடும்பத்தில் பன்னிரண்டாவது தாண்டிய முதல் பெண் அவள். என் புத்திசாலித்தனத்தால் அவள் படிப்பு நின்றுபோகப் போகிறது. ஆர்டர் எழுதி வைக்கும் நோட்டைத் தேடி எடுத்தேன்.

பக்கங்களைப் புரட்டினேன். அந்தத் தேதி, அந்தத் தொகை. புஜைராவில் எண்ணெய்த் தொட்டி கட்டும் சைட்டில் சாரம் கட்டும் ஒரு அண்ணன். ஒரே ரூமில் இருக்கும் பன்னிரண்டு பேருக்கும் சேர்த்து ஆர்டர் போடுபவர். நேரில் பார்த்ததில்லை, போனில் குரல் மட்டும்தான். உடனே போன் போட்டேன். எடுத்ததும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"யாரு வயித்துல அடிச்ச காசை எனக்கு அனுப்பினீங்க? நல்லா இருப்பீங்களா நீங்க?"

"தங்கச்சி, என்ன சொல்றீக? ஊறுகாய்க் காசுதானே அனுப்புனேன்."

கேட்கக் கேட்கத்தான் விஷயம் புரிந்தது. அவருடைய ஊர்க் கணக்கில் காசே இல்லை, எல்லாம் மனைவி கைக்குப் போய்விடும். அதனால் ரூமில் வசூலித்த திர்ஹத்தை கேம்ப்பில் ஒரு ஆளிடம் கொடுத்துவிடுவார். அந்த ஆள் யாரையோ வைத்து என் தம்பி கணக்கில் ரூபாயாகப் போட்டுவிடுவான். வங்கி வழியாகப் போகாத உண்டியல்தான், வேறென்ன. ரேட்டும் நாலு பைசா கூடக் கிடைக்குமாம். இந்தத் தடவை அவன் போட்டுவிட்டது திருட்டுக் காசு.

"அந்த ஆள் எங்கே?"

"போன் ஆஃப்ல இருக்கு. ரெண்டு நாளா ஆளையே காணோம், தங்கச்சி."

தம்பி கணக்கு முடங்கியதையும் அவன் பிள்ளை படிப்பு நிற்கப் போவதையும் சொல்லிச் சொல்லித் திட்டினேன். கடைசியில், "எங்க வரணும்னு மட்டும் சொல்லுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அதற்கப்புறம் எனக்குப் பயம் வேறு திசையில் ஓடியது. எதற்கு நேரில் வரவேண்டும்? அவரும் அந்தக் கூட்டமாக இருந்தால்? என்னை மிரட்டினால்? வீட்டு முகவரியைக் கொடுக்காமல், வியாழக்கிழமை காலை தேரா பஸ் ஸ்டாண்டுக்கு வரச் சொன்னேன். துணைக்கு மெஸ்ஸின் சமையல் மாஸ்டரைக் கூப்பிட்டுப் போனேன். அவர், "நான் அந்தத் தூண் பக்கம் நிக்கிறேன். அடிச்சா சத்தம் போடுங்க, ஓடி வர்றேன்" என்றார். வருவாரா, எதிர்ப்பக்கம் ஓடுவாரா என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

இதற்கிடையில் கல்லூரிக் கட்டணத்துக்காக வீட்டுக்காரர் கம்பெனியில் முன்பணம் கேட்டு, கூட வேலை பார்ப்பவர்களிடம் கைமாற்று வாங்கி, முக்கால்வாசி சேர்த்திருந்தார். இன்னும் எண்ணூறு திர்ஹம் போல இடித்தது. என் ஊறுகாய்க் காசில் மிச்சம் இருந்தது எல்லாம் அந்தப் பூட்டிய கணக்கில்.

புஜைரா பஸ்ஸில் இருந்து இறங்கியவரைப் பார்த்ததும் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. சைட் பூட்ஸோடு, கையில் ஒரு பை. பையில் கழுவித் துடைத்த என் காலி பாட்டில்கள்.

"வர்றது வர்றோம், சும்மா எதுக்குன்னு எடுத்தாந்தேன்" என்றார்.

பிறகு சட்டைப் பையில் இருந்து மடித்த நோட்டுகளை எடுத்து என் முன்னால் நீட்டினார். ரூமில் வசூலித்ததாம். ஆயிரம் திர்ஹம்.

"தின்னது பன்னெண்டு பேரு. மாட்டுனது உங்க தம்பியா? புள்ள படிப்புன்னு சொன்னீகல்ல, வாங்குங்க. ஊறுகாயாத் திருப்பிக் குடுத்தாப் போதும்."

நான் அழுதுவிட்டேன். தூணடியில் நின்ற மாஸ்டர், ஏதோ ஆகிவிட்டதென்று பாய்ந்து வந்து, "யோவ், என்னய்யா செஞ்ச?" என்று அவர் சட்டையைப் பிடிக்கப் போனார். அதைத் தடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

காசு மட்டும் கொடுத்துவிட்டு அவர் போயிருந்தாலே நான் காலத்துக்கும் நன்றி சொல்லியிருப்பேன். ஆனால் அந்தப் பணம் எதற்காக வந்தது என்று எழுத்தில் கேட்டிருந்தது வங்கி. லிங்கில் கட்டியிருந்தால் ரசீது தானாக வந்திருக்கும். என்னிடம் இருந்தது என் கோணல் கையெழுத்து நோட்டுதான். தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னேன்.

"நான் எழுதித் தர்றேன்" என்றார்.

"அண்ணே, உண்டியல்ல அனுப்புனதா எழுதணும். உங்க பேரு, பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் போலீஸுக்குப் போகும். லீவுக்கு ஊருக்குப் போறப்ப ஏர்போர்ட்ல உங்களை நிறுத்தினா?"

'வேண்டாம்' என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். சொன்னாலும் நியாயம்தான் என்றும் தோன்றியது.

"பயமாத்தான் இருக்கு. ஆனா நான் எழுதலைன்னா உங்க தம்பி பேருதானே நிக்கும்?"

மெஸ்ஸில் உட்கார்ந்து எழுதினோம். அவர் படித்தது ஏழாவது வரைதான். ஒரு வாக்கியம் அவர் சொல்ல, ஒன்று நான் சேர்க்க, தமிழிலேயே ஒன்றரைப் பக்கம். எத்தனை பாட்டில் மீன், எத்தனை பாட்டில் இறால் என்பது வரை போட்டார். கீழே பெரிதாகக் கையெழுத்து. அடையாள அட்டையின் நகலும் வைத்தார். ஒருநாள் சம்பளம் போய்விட்டதே என்று கேட்டதற்கு, "காலுக்கும் ஒரு நாள் லீவு" என்று சிரித்துவிட்டு மதிய பஸ்ஸில் போய்விட்டார்.

அன்றே ஊருக்குப் பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் தம்பி மனைவியின் கணக்குக்குப் பணத்தைப் போட்டேன். வெள்ளிக்கிழமை ஊர் நேரம் பகல் இரண்டு மணி வரை அது போய்ச் சேரவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தேன், நடந்தேன், நடந்துகொண்டே இருந்தேன். மூன்றுக்கு மேல்தான் ஏறியது. தம்பியும் மனைவியும் ஊர் பிரவுசிங் சென்டரில் கல்லூரியின் பக்கத்தைத் திறந்தால் எழுபதாயிரத்துக்கு மேல் ஆன்லைன் கட்டணம் என்று எண்ணூற்றுச் சொச்சம் கேட்கிறது! தம்பி மனைவி கணக்கில் எழுபதுக்கு மேல் இருந்தது முந்நூறு ரூபாய். நல்லவேளை, சென்டர்காரர் மீதியைத் தன் காசில் போட்டுக் கட்டினார். நான்கு மணிக்குப் பதினொரு நிமிடம் இருக்கும்போது ரசீது வந்தது.

தம்பி கணக்கு திறக்க ஏழு வாரம் ஆனது. வீட்டுக்காரர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து டைப் செய்து சேர்த்த அந்தக் கடிதம்தான் அதைத் திறந்தது. புகாரில் இருந்த நாலாயிரத்துச் சொச்சம் மட்டும் இன்னும் முடங்கி நிற்கிறது. அந்த அண்ணனிடம் போலீஸ் ஒருமுறை போனில் விசாரித்ததோடு சரி. கணக்கு திறக்கும்வரை தினமும் நான் அவருக்கு, "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டு வைப்பேன். "இல்ல தங்கச்சி, தொக்குலதான் உப்பு கூட" என்று பதில் வரும்.

இப்போது மறுபடியும் லிங்க்தான். அந்த ஒரு திர்ஹம் நியாயம் என்று நான் சொல்லமாட்டேன், மாதா மாதம் திட்டிக்கொண்டேதான் கட்டுகிறேன். தம்பி மகள் மூன்றாம் வருடம் படிக்கிறாள். ஆனால் அந்த வாரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஒன்று தோன்றும். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், அன்று அந்த போனை அணைத்துப் போட்டிருப்பேன். அவர் பயம் இல்லாமல் வந்தவர் இல்லை, பயத்தோடுதான் பஸ் ஏறி வந்தார் என்பது புரிந்த பிறகு, என் பயத்தை நான் எதற்கும் சாக்காகச் சொல்வதில்லை.