வளைவில் தூக்கி வைத்தது

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்றாலே எனக்கு இடுப்பு வலிக்கத் தொடங்கிவிடும். ஆரல்வாய்மொழிப் பள்ளிக்கூடத்தில் கடைசிப் பீரியடில் கணக்கு நடத்திவிட்டு, நாகர்கோவிலில் இறங்கி அடுத்த பஸ் பிடித்து, மார்த்தாண்டத்து நெரிசலில் நின்றுகொண்டே வந்து வீடு சேர ஆறு மணி ஆகும். காலைக் கழுவிக் காப்பி போடுவதற்குள் போன் அடிக்கும். சவுதியிலிருந்து என் கணவர். அங்கே அன்று விடுமுறை. சாப்பிட்டாயா என்று கேட்ட அதே மூச்சில், மாடிக்குப் போனாயா என்று கேட்பார். நான் மாடியறைக்குப் போய் அவருக்கு ரயில் ஓட்டிக் காட்ட வேண்டும்.

இருபத்துமூன்று வருடம் அவர் அங்கே டிரைலர் ஓட்டினார். துறைமுகத்தில் பெட்டியை ஏற்றிக்கொண்டு பாலைவனத்தைத் தாண்டிப் போய் இறக்கிவிட்டு வருகிற வேலை. அவர் சேர்த்ததும் டிரைலரைத்தான். டிரைலரைச் சுமந்து போகிற பொம்மை ரயில் வண்டிகள். சுவரும் கூரையும் இல்லாத வெறும் தட்டு. அதன்மேல் இரண்டு டிரைலர்கள் சக்கரத்தோடு ஏறி நிற்கும். அமெரிக்காவில் நிஜமாகவே அப்படி ஓடுகிறதாம். இவர் அதன் பொம்மைகளைக் கம்ப்யூட்டரில் தேடி வாங்கி, லீவுக்கு ஊர் வருகிற ஆட்கள் வசம் கொடுத்துவிடுவார். மற்ற வீடுகளுக்குச் சோப்பும் பாதாமும் தைலமும் வரும். எங்கள் வீட்டுக்கு வண்டி வரும். பிள்ளைகளை முதுகில் ஏற்றிக்கொண்டு போவதை உப்புமூட்டை என்போமே, அதனால் நான் அவற்றுக்கு உப்புமூட்டை வண்டி என்று பெயர் வைத்தேன். கடைசியில் அவரும் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஐம்பது தாண்டிய மனிதருக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை கேட்டேன். "டிரைலரை ரயில் சுமக்குது. டிரைவர் எங்கயோ கெடந்து ஒறங்குதான், பாத்தியா" என்றார். அதற்குப் பிறகு அந்த விஷயத்தில் நான் அவரைக் கிண்டல் செய்யவில்லை.

தண்டவாளம் வந்த கதை வேறு. மகள் சின்னவளாக இருந்தபோது கிறிஸ்துமஸ் குடிலைச் சுற்றி ஓடவிட அவர் ஒரு பொம்மை ரயில் செட் கொண்டுவந்தார். எங்கள் தெருவில் யார் குடிலில் என்ன அசைகிறது என்பதில் ஒரு போட்டி உண்டு. ஒரு வீட்டில் காற்றாலை சுற்றும், இன்னொரு வீட்டில் நீரூற்று. எங்கள் வீட்டில் மாட்டுத் தொழுவத்தைச் சுற்றி ரயில். மகள் வளர்ந்து குடிலில் ஆர்வம் போன பிறகு, கடைசியாக நீண்ட லீவில் வந்தபோது அதே தண்டவாளத்தை ஒரு முழுப் பிளைவுட் பலகையில் ஆணியடித்து மாடியறையில் தரையோடு போட்டார். அடுத்த லீவில் பலகைக்குக் கால் வைத்துவிடலாம் என்று சொல்லிப் போனார். அப்படி ஒரு நீண்ட லீவு அதற்குப் பிறகு வரவே இல்லை.

அவர் போன பிறகுதான் நீள வண்டிகள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. முதல் வண்டியைப் பிரித்துத் தண்டவாளத்தில் வைத்து, எஞ்சினில் கொக்கியை மாட்டி விட்டேன். நேர்ப்பாதையில் அழகாகப் போயிற்று. வளைவுக்கு வந்ததும் டக்கென்று சரிந்து விழுந்தது. எடுத்து வைத்தேன், மறுபடி விழுந்தது. நான் கணக்கு டீச்சர். உட்கார்ந்து அளந்து பார்த்தேன். குடிலைச் சுற்றுவதற்காகச் செய்த வளைவு, ஆரம் ஒரு முழம். வண்டியின் நீளம் ஒரு அடி. எந்தக் காலத்திலும் அது இதில் திரும்பாது. எங்கள் பள்ளிக்கூடத்து ஜங்ஷனில் காற்றாலை இறக்கையை ஏற்றிவரும் டிரைலர்கள் திரும்ப முடியாமல் கிடந்து திணறுவதை நான் எத்தனை நாள் பஸ்ஸில் இருந்து பார்த்திருக்கிறேன். அதே சங்கதிதான்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். "ஓடுதா?" என்று அவர் கேட்டபோது சொல்லத்தான் வாயைத் திறந்தேன். போனில் அவர் முகம் தெரிந்தது. நான்கு பேர் தங்கும் அறையில், கட்டிலின் மேல்தட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "ஓடுது" என்றேன்.

அப்புறம் ஓடித்தானே ஆக வேண்டும்? போனை ஸ்டாண்டில் வைத்து நேர்ப்பாதை மட்டும் தெரியும்படி நிறுத்துவேன். வண்டி இடமிருந்து வலமாகப் போய்ப் படத்தை விட்டு மறையும். உடனே கரண்டை நிறுத்தி, முட்டி போட்டு, வண்டிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தூக்கி மறுமுனைக்குக் கொண்டுபோய்ச் சக்கரங்களைத் தண்டவாளத்தில் பொருத்துவேன். எஞ்சின் குட்டையானது, அது தானாகச் சுற்றி வந்துவிடும். கொக்கியை மாட்டி மறுபடி விடுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதாகச் சொல்வார்களே, நான் வாரா வாரம் மறைத்தேன். சுற்றி வர ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு தடவை கேட்டார். வளைவில் மெதுவாக விடுகிறேன் என்றேன். அதுதான் சரி, வளைவில் மெதுவாகத்தான் போக வேண்டும் என்று மெச்சினார். எனக்கு அவமானமாக இருந்தது.

வண்டி மறைந்திருக்கும் நேரத்தில் சும்மா இருக்க முடியாது, சந்தேகம் வரும். எதையாவது பேசிக்கொண்டே தூக்குவேன். மகளுக்கு இன்டர்வியூ நன்றாக நடந்தது. மழையில் மாடி ஒழுகவில்லை. என் பிரஷர் நார்மல். மகளுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை, மாடி ஒழுகியது, பிரஷர் ஒருநாளும் நார்மலாக இருந்ததில்லை. தூரத்தில் இருக்கிறவருக்கு நேர்ப்பாதையை மட்டும் காட்டிப் பழகிவிட்டேன். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் என்று அது தானாகவே கொக்கி போட்டுக்கொண்டு போயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் கர்ப்பப்பையை எடுத்தார்கள். வயிற்றைக் கிழித்துச் செய்த ஆப்பரேஷன். மகளும் என் தங்கையும் கூட இருந்தார்கள். அப்பாவிடம் சொல்லு, சொல்லு என்று மகள் என்னோடு சண்டை போட்டாள். நான் சம்மதிக்கவில்லை. இவர் எட்டு மணி நேரம் ஒரே நேர்க்கோடான ரோட்டில் அந்தப் பெரிய வண்டியை ஓட்டுகிறவர், சுகர் வேறு. மனது என்னிடத்தில் இருந்தால் கண் ரோட்டில் இருக்காது. அந்தப் பயம்தான் எனக்கு. இரண்டு மாதம் குனியக்கூடாது என்று டாக்டர் சொன்னதால், ரயில் அடாப்டர் கருகிவிட்டது என்று அவரிடம் சொன்னேன். மனிதர் ஊருக்கு வந்த ஒரு ஆள் வசம் புது அடாப்டர் கொடுத்துவிட்டார். மூன்றாம் மாதம் நான் மறுபடி முட்டி போட்டேன். இடுப்பு முன்னைப்போல் ஆகவே இல்லை.

நடுவில் மகள் கல்யாணத்துக்கு அவர் வந்தது ஐந்தே நாள். அப்போது அந்தப் பலகையைச் சுவரோடு சாத்திவிட்டு அறையில் வாடகைப் பாத்திரங்களை அடுக்கியிருந்தோம். அதைத் திட்டம் போட்டுச் செய்ததும் நான்தான்.

இந்த வருடம் சாரல் பிடித்த மாதத்தில் அவர் ஒரேயடியாக வந்துவிட்டார். வருகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஆறு வருடமாகப் பொய் சொல்லியிருக்கிறேன். ரயில் விஷயத்தில் சொன்ன பொய்யைச் சிரித்து மழுப்பிவிடலாம். ஆனால் அதை இழுத்தால் பின்னால் ஆப்பரேஷன் வரும். இவ்வளவையும் மறைத்தவளை இனி எதில் நம்புவார் என்பதுதான் என் கவலை. முந்திக்கொண்டு நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். முதல் நாள் விருந்தாளிகள். இரண்டாம் நாள் காலையில், கடியப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவருகிற அக்காளிடம் சாளை வாங்கி வெட்டிக்கொண்டிருந்தேன். மாடியில் எஞ்சின் முனகுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் டக்கென்று ஒரு சத்தம். மறுபடி முனகல், மறுபடி டக். மூன்றாவது தடவைக்குப் பிறகு சத்தமே இல்லை.

கையைக் கழுவிவிட்டு ஏறிப் போனேன். பலகை ஓரத்தில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். மற்ற பதினொரு வண்டிகளும் சுவரோரம் வரிசையாக நின்றன. ஒன்று மட்டும் வளைவில் சரிந்து கிடந்தது. அதன் டிரைலர் ஒன்று கழன்று பலகைக்கு வெளியே போயிருந்தது. நீள வண்டி ஓட்டியே வாழ்ந்தவருக்கு அளவுகோல் எதற்கு?

"இது திரும்பாதே" என்றார், என்னைப் பார்க்காமல்.

திரும்பாது என்றேன்.

"அப்பம் நீ எப்பிடி ஓட்டுன?"

தூக்கி வைத்தேன் என்று சொன்னேன். இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு என்று கையால் காட்டினேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"எல்லா வெள்ளிக்கெழமையும் தூக்கி வச்சியா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அவர் பலகையின் ஒரு முனையையும் மறு முனையையும் மாறி மாறிப் பார்த்தார். போன் ஸ்டாண்ட் நடுவில் இருந்த இடத்தில் ஆறு வருடத்துத் தடம் பதிந்திருந்தது. அதையும் பார்த்தார். பிறகு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"ஏட்டி, வேற எதையெல்லாம் இப்பிடித் தூக்கி வச்ச?"

சுவரில் சாய்ந்துகொண்டேன். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. பொய் சொல்லவும் இனித் தெம்பில்லை.

"சொல்லுதேன். மொதல்ல அந்த வண்டிய எடுத்து வையுங்க. என்னால குனிய முடியாது" என்றேன்.

அவர் வண்டியை எடுக்கவில்லை.

"ஏன் குனிய முடியாது?" என்று கேட்டார்.