பதினேழு புள்ளி நான்கு

காலையில் குளிக்கப் போனால் வாளித் தண்ணீர் மஞ்சளாக நிற்கிறது. நேற்று சாயங்காலம் போர்வெல்லிலிருந்து பிடித்தபோது தெளிவாக இருந்த தண்ணீர்தான். ரேணிகுண்டாவில் எங்கள் தெரு முழுக்க இதே கதை. "கெமிஸ்ட்ரி லெக்சரர்னு பேரு, வூட்டுத் தண்ணிக்கு ஒரு வழி பண்ணத் தெரில" என்று என் மனைவி வாளியைக் கவிழ்த்துக்கொண்டே சொன்னாள். நியாயம்தான். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஏன் மஞ்சளாகிறது என்பது மட்டும். பூமிக்கடியில் காற்றுப் படாமல் கிடந்த இரும்பு, தண்ணீரில் கரைந்து நிறம் காட்டாமல் வருகிறது. காற்றுப் பட்டதும் எலக்ட்ரானை இழந்து துருவாகிறது. இழப்பது ஆக்ஸிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். ஒன்று இழந்தால் இன்னொன்று வாங்கியே ஆகவேண்டும்; இங்கே வாங்கிக்கொள்வது காற்றிலுள்ள ஆக்ஸிஜன். பாடம் இவ்வளவுதான். எத்தனை வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தாலே அசதியாக இருக்கிறது.

அந்த மஞ்சளைப் பார்த்தால் திருப்பதியில் நான் வேலைக்குச் சேர்ந்த, ப்ளஸ் டூ மட்டும் நடத்தும் தனியார் ஜூனியர் காலேஜின் பழைய லேப் ஞாபகம் வந்துவிடும். அழுகின முட்டை வாசனையும், ஆசிட் பட்டுப் புள்ளி புள்ளியாக வெந்துபோன மேசைகளும். அப்போது புத்தூரிலிருந்து ரயிலில் போய் வந்துகொண்டிருந்தேன். பர்மாங்கனேட் கறை விரல் நுனியில் பழுப்பாக ஏறியிருக்கும். பக்கத்தில் உட்காருகிறவர்கள் பீடிக்கறை என்று நினைத்துத் தள்ளி உட்காருவார்கள். எனக்கென்ன, கால் நீட்ட இடம் கிடைத்தது.

பர்மாங்கனேட்டை வைத்து டைட்ரேஷன் செய்வதுதான் இரண்டாம் வருட ப்ராக்டிகல் பரீட்சை. நீங்களும் செய்திருக்கலாம். கீழே குடுவையில் இரும்பு உப்புக் கரைசலும் கொஞ்சம் ஆசிடும். மேலே அளவுக்கோடு போட்ட ப்யூரெட் குழாயில் ஊதா நிறப் பர்மாங்கனேட். சொட்டுச் சொட்டாக விட்டால், விழுகிற ஊதா விழுந்த இடத்திலேயே காணாமல் போகும். இரும்பு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, பர்மாங்கனேட் வாங்கிக்கொண்டு நிறம் இழக்கிறது. கொடுக்க இரும்பு தீர்ந்த பிறகு விழும் ஒரு சொட்டில் குடுவை லேசான ரோஜா நிறத்தில் நின்றுவிடும். எத்தனை மில்லி இறங்கியது என்று அங்கே பார்த்து எழுதவேண்டும். "கண்ணு எத பாக்குதோ அத எழுது, பக்கத்து டேபிள பாக்காத" என்று வகுப்பில் முழங்குவேன். இளரத்தம்.

ஆனால் பரீட்சையன்று நடப்பது வேறு. என்ன ரீடிங் வரும் என்று கணக்குப் போட்டு நான் இரண்டு துண்டுச் சீட்டு எழுதுவேன். ஒன்று வெளியிலிருந்து வரும் எக்ஸாமினருக்கு. இன்னொன்று அட்டெண்டர் முனிரத்தினத்துக்கு. அவர் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில் மேசை மேசையாகப் போய்க் காதில் சொல்லிவிடுவார். எல்லாக் காலேஜிலும் இதுதான் வழக்கம், எக்ஸாமினருக்கும் தெரியும்.

அந்த வருடம் பரீட்சைக்கு முந்தின நாள் சாயங்காலம் இரும்புக் கரைசல் தயார் செய்தேன். அதில் கொஞ்சம் ஆசிட் சேர்க்கவேண்டும், இல்லாவிட்டால் கெட்டுவிடும். ஆசிட் அலமாரிச் சாவியோடு முனிரத்தினம் வீட்டுக்குப் போயிருந்தார். டிஸ்டில்டு வாட்டரும் தீர்ந்துபோயிருந்தது. குழாய்த் தண்ணீரைப் பிடித்துக் கலக்கி, பழுப்பு பாட்டிலில் ஊற்றி வைத்துவிட்டு, காலையில் ஆசிட் விட்டுக்கொள்ளலாம் என்று ரயிலுக்கு ஓடினேன். காலையில் அடியோடு மறந்துபோனேன். பாட்டிலே பழுப்பு, உள்ளே மஞ்சளானது யார் கண்ணுக்கும் படவில்லை.

இருபது புள்ளி இரண்டு என்று முனிரத்தினம் எல்லார் காதிலும் சொன்னார். எல்லாரும் எழுதினார்கள். கார்வேட்டிநகரத்துப் பெண் சுகுணா மட்டும் பதினேழு புள்ளி நான்கு என்று எழுதியிருந்தாள். பயிர் வைக்கிற குடும்பம். அந்த மார்க்கைச் சேர்த்துத்தான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சீட் கிடைக்கவேண்டும். எக்ஸாமினர் தாளை ஆட்டிக்கொண்டே, எல்லாருக்கும் இருபது, உனக்கு மட்டும் எப்படிப் பதினேழு என்று தெலுங்கில் கத்தினார். "நாக்கு அதே வச்சிந்தி சார்" என்றாள். எனக்கு அதுதான் வந்தது என்கிறாள். எனக்கு அந்த நிமிடமே புரிந்துவிட்டது. ஆசிட் விடாத கரைசலில் கொஞ்சம் இரும்பு ராத்திரியே காற்றுக்கு எலக்ட்ரானை விட்டுவிட்டது. மிச்சத்துக்குப் பதினேழுதான் இறங்கும். அந்த மாதம்தான் என் வேலையை நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். வாயைத் திறக்கவில்லை. எக்ஸாமினர் பாஸ் மார்க் மட்டும் போட்டார்.

வராந்தாவில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "மூணு வாட்டி போட்டேன் சார், மூணு வாட்டியும் அதான் வந்துச்சு. நைனா வெளிய நின்னுக்கினு கீது, இன்னான்னு சொல்றது? என் கைலதான் தப்பா சார்?"

"ஆமாம்மா, கை இன்னும் பழகல" என்றேன்.

அப்போது எப்படி அவ்வளவு சுளுவாக வந்தது அந்த வார்த்தை என்று இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

சில வருடம் கழித்து புத்தூர் பஸ் ஸ்டாண்டில் சுகுணாவைப் பார்த்தேன். இடுப்பில் குழந்தை. அவள்தான் வந்து பேசினாள். சீட் கிடைக்கவில்லையாம். "பரவால்ல சார், நீங்கதான் சொன்னீங்களே, எனக்கு கை சரியில்லன்னு. அதான் மறுபடி ட்ரை பண்ணல" என்று சிரித்தாள். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். பஸ் வந்தது. பஸ் வராவிட்டாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

இன்னும் அதே காலேஜில்தான் வேலை பார்க்கிறேன், இப்போது அங்கே லேப் கிடையாது. மேசைகளை எடுத்துவிட்டு ஸ்டடி ஹால் ஆக்கிவிட்டார்கள். முனிரத்தினம் போய்ச் சேர்ந்துவிட்டார். ப்யூரெட்டைத் தொடாமலே எல்லாப் பிள்ளைகளுக்கும் ப்ராக்டிகலில் முழு மார்க் விழுகிறது. அந்தக் கையெழுத்தையும் வருடா வருடம் நான்தான் போடுகிறேன். தப்பான ரீடிங் எழுதுவதற்குக்கூட இன்று அங்கே ஒரு பிள்ளை இல்லை. அன்றைக்கு அந்த அறையில் டைட்ரேஷனைச் சரியாகச் செய்தவள் சுகுணா ஒருத்திதான். அது தெரிந்த ஆள் நான் ஒருவன்தான்.